பன்னிரண்டு ஆட்டம், எட்டு ஆட்டம்: சென்னையின் எஃப்சி சரிந்த கணக்கு

சென்னையின் எஃப்சி ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு வாக்கியம் கட்டாயம் வந்து விழும்: "நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு, கடைசியில கவுத்துட்டாங்க." அதற்கு அடுத்த வாக்கியமும் தயாராக இருக்கும்: "இருந்தவங்களை விட்டுட்டு யாரையோ கூட்டிட்டு வந்தாங்க, வேற என்ன ஆகும்?"

முதல் வாக்கியம் ஒரு குற்றச்சாட்டு, இரண்டாவது அதற்கான காரணம். பல வருஷமாக இந்த இரண்டையும் கேட்டுவிட்டேன். ஒருநாள் உட்கார்ந்து சரிபார்த்துவிடலாம் என்று தோன்றியது. நான் கால்பந்து நிபுணன் கிடையாது. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு சிஸ்டம் படுத்துவிட்டால் யாரைத் திட்டலாம் என்று தேடுவதற்கு முன், அது எப்போதிலிருந்து தடுமாறியது என்று லாக் ஃபைலைப் பார்ப்போம். இங்கேயும் அதைத்தான் செய்திருக்கிறேன். எடுத்துக்கொண்டது 2021-22 ஐஎஸ்எல் சீசன். ரசிகர்கள் சொல்லும் 'கடைசி நேரச் சரிவு' அந்த வருஷத்தில் நடந்த அளவுக்கு அப்பட்டமாக வேறு எப்போதும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் முடிவுகள்

அந்த சீசனில் ஒவ்வொரு அணிக்கும் 20 லீக் ஆட்டங்கள். 2022 ஜனவரி 22ஆம் தேதி நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை 2-1 என்று வென்றபோது சென்னையின் எஃப்சி 12 ஆட்டங்களை முடித்திருந்தது: 5 வெற்றி, 3 டிரா, 4 தோல்வி, 18 புள்ளி. அரையிறுதிக் கனவு உயிரோடு இருந்தது.

மிச்சம் 8 ஆட்டங்கள். பெங்களூரிடம் 0-3. ஈஸ்ட் பெங்காலோடு 2-2. கோவாவிடம் 0-5. ஒடிசாவோடு 2-2. மும்பையிடம் 0-1, கேரளாவிடம் 0-3, ஜாம்ஷெட்பூரிடம் 1-4, ஏடிகே மோகன் பகானிடம் 0-1. ஒரு வெற்றிகூட இல்லை. 24 புள்ளிக்கு வாய்ப்பிருந்த இடத்தில் கிடைத்தது 2. அந்த 8 ஆட்டங்களில் அடித்தது 5 கோல், வாங்கியது 21. ஐந்து ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மொத்தம் 20 புள்ளியோடு 11 அணிகளில் 8ஆவது இடம்.

ஆக முதல் குற்றச்சாட்டு சரி, சந்தேகமே வேண்டாம். ரசிகர்கள் மிகைப்படுத்தவில்லை.

ஆனால் அந்த வாக்கியத்தின் முதல் பாதியையும் சோதிக்க வேண்டும் இல்லையா? நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சா?

முதல் 12 ஆட்டங்களை மறுபடி பாருங்கள். ஐந்து வெற்றிகள்: ஹைதராபாத்தை 1-0, நார்த்ஈஸ்டை 2-1, ஒடிசாவை 2-1, ஜாம்ஷெட்பூரை 1-0, மறுபடி நார்த்ஈஸ்டை 2-1. ஐந்துமே ஒரே ஒரு கோல் வித்தியாசம். தோல்விகளோ 0-1, 0-3, 2-4, 0-1. நன்றாகப் போய்க்கொண்டிருந்ததாக நாம் நினைவில் வைத்திருக்கும் அந்த 12 ஆட்டங்களில் அணி அடித்தது 12 கோல், வாங்கியது 14. கோல் கணக்கில் அது ஏற்கெனவே மைனஸில்தான் இருந்தது.

ஒரு கோல் வித்தியாசத்தில் வெல்வது குற்றமில்லை. சாம்பியன் அணிகளும் அப்படி வெல்வதுண்டு. ஆனால் அவர்களுக்கு நடுநடுவே 3-0, 4-1 என்று சில ஆட்டங்களும் இருக்கும். வெல்லும்போது ஒற்றைக் கோலிலும் தோற்கும்போது மூன்று கோலிலும் முடிகிற அணி, நூலிழையில் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஐந்து ஆட்டங்களில் இரண்டில் ஒரு பந்து போஸ்ட்டில் பட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தால் 18 புள்ளி 14 ஆகியிருக்கும். கனவு ஜனவரியிலேயே முடிந்திருக்கும்.

இன்னொரு கணக்கு. 12 ஆட்டத்தில் 18 புள்ளி என்றால் ஆட்டத்துக்கு ஒன்றரை. சரிவே நடக்காமல் அதே வேகத்தில் 20 ஆட்டமும் போயிருந்தால் 30 புள்ளி. அந்த வருஷம் நான்காவது இடம் பிடித்து அரையிறுதிக்குப் போன கேரளா பிளாஸ்டர்ஸ் எடுத்தது 34. ஐந்தாவதாக வந்து வெளியே நின்ற மும்பை சிட்டி எடுத்தது 31. அதாவது பிப்ரவரியில் கவிழாமல் இருந்திருந்தாலும் நாம் உள்ளே போயிருக்க மாட்டோம். சரிவு நம்மை அவமானப்படுத்தியது, உண்மைதான். அரையிறுதியைப் பறித்தது அது இல்லை.

எங்கள் ஊர் திருத்தணியில் மலைக்கு 365 படி. டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். அடியில் இருக்கும் படிக்கும் உச்சியில் இருக்கும் படிக்கும் மரியாதை ஒன்றுதான். லீக் அட்டவணையும் அந்த மாதிரி. நவம்பரில் விட்ட 2 புள்ளிக்கும் பிப்ரவரியில் விட்ட 2 புள்ளிக்கும் விலை ஒன்றே. மூச்சு வாங்குவது மேலே போனபிறகு என்பதால் மேல்படிகள்தான் உயரம் என்று தோன்றும். அது கால் சொல்வது.

ஏன் காத்திருந்தோம்?

இந்த அணியின் ரசிகர்களுக்கு மட்டும் ஒரு விசேஷ வியாதி உண்டு. அதைச் சொல்லாமல் 2022இன் கோபம் புரியாது.

2015இல் சென்னையின் எஃப்சி அட்டவணையின் அடியில் கிடந்தது. பிறகு கடைசி 4 லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குப் போனது. சென்னை வெள்ளத்தால் சொந்த மைதானத்தில் ஆட முடியாமல் அரையிறுதியைப் புணேயில் ஆடியது. இறுதிப் போட்டியில் கோவாவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்றது. வெற்றிக் கோல் வந்தது 90 நிமிடம் தாண்டி. 2019-20இலும் அதே கதை. சீசன் தொடங்கிக் கொஞ்ச நாளில் ஜான் கிரிகரி விலகினார். டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். பாதாளத்தில் இருந்த அணி 29 புள்ளியோடு நான்காவதாக வந்து, அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6-5 என்று வென்று, இறுதிவரை போனது. 2020 மார்ச் 14 அன்று ரசிகர்கள் இல்லாத மைதானத்தில் ஏடிகேயிடம் 1-3 என்று தோற்றது.

இரண்டு முறை இப்படிக் கண்ணால் பார்த்தவனுக்கு, 'நம்ம டீம் கடைசியிலதான் எழும்' என்பது நம்பிக்கையாகவே படிந்துவிடுகிறது. ஆகவே 2022 ஜனவரியில் 18 புள்ளியோடு நின்றபோது ரசிகன் மனசில் ஓடியது வேறு கணக்கு: இப்பவே இங்க இருக்கோம், இனிமேதானே எழுவாங்க? எழவில்லை. எதிர்த் திசையில் போனார்கள். அதனால்தான் வலி இரட்டிப்பானது.

அதே வாரங்களில் இன்னொரு அணி எழுந்தது. ஜாம்ஷெட்பூர் எஃப்சி கடைசி 7 லீக் ஆட்டங்களையும் வரிசையாக வென்று 43 புள்ளியோடு லீக் ஷீல்டைத் தூக்கியது. நம்மை 4-1 என்று அடித்ததும் அந்த வரிசையில்தான். பயிற்சியாளர் யார்? ஓவன் கோய்ல். 2020இல் நம்மை விட்டுப் போனவர்.

ஜனவரியில் நடந்த கொடுக்கல் வாங்கல்

இப்போது இரண்டாவது வாக்கியம். இருந்தவர்களை விட்டார்களா?

2022 ஜனவரியில், சீசன் நடுவில், சென்னையின் எஃப்சி லல்லியன்சுவாலா சாங்டேவை மும்பை சிட்டிக்கு இரவல் கொடுத்தது. அடுத்த சீசனில் அவர் நிரந்தரமாகவே அங்கே சேர்ந்துவிட்டார். அப்போது அவருக்கு 24 வயது. அதே ஜனவரியில் ஜாம்ஷெட்பூரிலிருந்து நெரியஸ் வால்ஸ்கிஸ் திரும்பி வந்தார். 2019-20இல் நமக்காக 15 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கியவர், கோய்ல் பின்னாலேயே ஜாம்ஷெட்பூர் போனவர். திரும்பி வரும்போது வயது 34.

வால்ஸ்கிஸை விட்ட ஜாம்ஷெட்பூர் அந்த இடத்துக்கு ஈஸ்ட் பெங்காலிலிருந்து டேனியல் சிமா சுக்வுவை எடுத்தது. அவர் வந்தபின் கோல்கள் கொட்டின, ஷீல்ட் கிடைத்தது. இந்தக் கதைக்கு ஒரு வாலும் உண்டு: அதே சிமாவை நாம் எடுத்தது 2024இல், ஜாம்ஷெட்பூர் முழுசாகப் பயன்படுத்தி முடித்த பிறகு.

ஒரே மாதத்தில் 24 வயது இந்திய விங்கர் வெளியே, 34 வயது வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் உள்ளே. வால்ஸ்கிஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்த வருஷத்தைக் கவனியுங்கள். 2021-22இல்தான் ஐஎஸ்எல் விதி மாறியது. அதுவரை களத்தில் ஒரே நேரத்தில் 5 வெளிநாட்டவர் ஆடலாம். அந்த சீசனிலிருந்து 4 பேர்தான். அதாவது பதினொரு பேரில் இந்தியர்கள் 6 பேர் என்பது 7 பேர் ஆனது.

இந்த மாற்றத்தின் அர்த்தம் எளிது. நல்ல வெளிநாட்டவரைத் தேடிப் பிடித்து ஒப்பேற்றும் காலம் குறைந்துவிட்டது. எவனிடம் நல்ல இந்திய வீரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தாற்போல் இருக்கிறார்களோ அவன்தான் இனி ஜெயிப்பான். மற்ற கிளப்புகள் இதைப் புரிந்துகொண்டு இந்திய வீரர்களைச் சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நாம் இருந்தவர்களை இழந்துகொண்டிருந்தோம்.

யார் யார், எப்போது என்று வரிசையாகப் பார்த்தால் இது ஒரு வருஷத்துப் பிழை இல்லை என்று தெரியும். தீபக் டாங்ரி, 2021, ஏடிகே மோகன் பகான். சாங்டே, 2022, மும்பை சிட்டி. கோல்கீப்பர் விஷால் கைத், 2022, ஏடிகே மோகன் பகான். ஜெர்ரி லால்ரின்சுவாலா, 2022, ஈஸ்ட் பெங்கால். 2016இல் சின்னப் பையனாக வந்து கேப்டன் வரைக்கும் உயர்ந்த அனிருத் தாபா, 2023, மோகன் பகான்.

போனவர்கள் என்ன ஆனார்கள்? சாங்டே 2022-23இல் மும்பையோடு லீக் ஷீல்ட் வென்றார், ஐஎஸ்எல் கோல்டன் பால் வாங்கினார், இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த வீரர் ஆனார். அதே சீசனில் விஷால் கைத் கோல்டன் குளவ் வாங்கினார், மோகன் பகானோடு கோப்பையும் வென்றார். 2023-24இல் மோகன் பகான் ஷீல்ட் வென்றபோது அந்த அணியில் டாங்ரி, கைத், தாபா மூவரும் இருந்தார்கள். 2024-25இல் ஷீல்ட், கோப்பை இரண்டையும் வென்றபோதும் இருந்தார்கள். நம்மிடம் இருந்த முதுகெலும்பைக் கொல்கத்தாவில் பொருத்தி ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பு வாதம்

இப்படிப் பட்டியல் போடுவது சுலபம். நாலு வருஷம் கழித்து ஸ்கோர்போர்டைப் பார்த்துவிட்டு எவனும் புத்திசாலி ஆகலாம். ஆகவே கிளப் தரப்பில் நின்று மூன்று பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒன்று: சாங்டே அன்றைக்கு இன்றைய சாங்டே இல்லை. இது உண்மை. 2019-20இல் 7 கோல் அடித்தார். அதற்கடுத்த சீசனில் கிடைத்த வாய்ப்புகளை அடுக்கடுக்காக வீணாக்கினார். 'ஓடத்தான் தெரியும், அடிக்கத் தெரியாது' என்று அவரைக் கழுவி ஊற்றியதும் இதே ரசிகர் கூட்டம்தான். இன்று 'ஏன் விட்டீங்க' என்று கேட்பவர்களில் பாதிப் பேர் அன்று 'ஏன் இன்னும் வச்சிருக்கீங்க' என்று கேட்டவர்கள். சாங்டே இருந்திருந்தால் அந்த 8 ஆட்டமும் மாறியிருக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 21 கோல் வாங்கிய அணியை ஒரு விங்கர் காப்பாற்ற முடியாது.

இரண்டு: கிளப் விரும்பினாலும் வீரரை நிறுத்தி வைக்க முடியாது. 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த பாஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு உலகம் முழுக்க நிலைமை இதுதான்: ஒப்பந்தம் முடிந்தால் வீரர் சுதந்திரப் பறவை. ஒப்பந்தத்தின் கடைசி 6 மாதத்தில் அவர் வேறு கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்துப் போடலாம், யாரும் தடுக்க முடியாது. அப்புறம் கிளப்புக்கு இருக்கும் வழிகள் இரண்டே: ஜனவரியில் வந்த விலைக்கு விடுவது, அல்லது சீசன் முடிந்ததும் சும்மா விடுவது. வீரர் பக்கத்து நியாயமும் உண்டு. கால்பந்துக்காரனின் சம்பாத்தியக் காலம் பத்து பன்னிரண்டு வருஷம். மும்பை கூப்பிட்டால் போகத்தான் செய்வார். ஐடி துறையில் நாற்பது சதவீத ஹைக் கிடைத்தால் நோட்டீஸ் போடுகிற நாம் அதைத் தப்பு சொல்ல முடியாது.

மூன்று: காசு. மோகன் பகானுக்கும் மும்பைக்கும் பின்னால் இருக்கும் பணபலம் நமக்கு இல்லை. நல்ல இந்திய வீரர்களின் எண்ணிக்கை குறைவு, அதனால் விலை ஏறும், அதிகம் கொடுப்பவன் தூக்குவான். இந்த வாதத்துக்கு வலு சேர்க்க ஒரு சோகக் கதையும் இருக்கிறது. அதே 2021-22இல் ஹைதராபாத் எஃப்சி இளம் இந்திய வீரர்களை வைத்துக்கொண்டு கோப்பையை வென்றது. அடுத்த வருஷம் லீக்கில் இரண்டாவது இடம். அப்புறம் பணமில்லாமல் போய், சம்பளப் பிரச்சினை வந்து, வீரர்கள் எல்லாரும் கலைந்து போனார்கள். அணியைச் சரியாகக் கட்டினால் மட்டும் போதாது, வைத்திருக்கக் கையில் காசும் வேண்டும்.

மூன்று பதிலையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று இடிக்கிறது. ஒருவர் போனால் அது சந்தை. இருவர் போனால் துரதிர்ஷ்டம். ஐந்து பேர் அடுத்தடுத்து மூன்று கோடையில் போனால், ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று காலண்டரில் குறித்து வைத்து இரண்டு வருஷம் முன்னாலேயே உட்கார்ந்து பேசும் வேலையை யாரோ செய்யவில்லை என்றுதான் நான் படிப்பேன். பாஸ்மன் விதி எல்லா கிளப்புக்கும் ஒன்றுதான். அது கடைசி 6 மாதத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும். அதற்கு முந்தைய காலம் கிளப்பின் கையில்.

கோச்சை மாற்றுவது

கோவாவிடம் 0-5 வாங்கியதும் போஜிடார் பண்டோவிச் நீக்கப்பட்டார். அப்போது 16 ஆட்டம் முடிந்து 19 புள்ளி. மிச்சமிருந்த 4 ஆட்டங்களுக்கு சபீர் பாஷா பொறுப்பேற்றார். சென்னைக்காரர், இந்தியாவுக்கு ஆடியவர், இந்தியன் வங்கி அணியில் கொடிகட்டிப் பறந்தவர். அவருக்குக் கிடைத்தது 4 ஆட்டத்தில் 1 புள்ளி. இதில் பாஷாவைச் சொல்லிக் குற்றமில்லை. எரிகிற வீட்டின் சாவியைக் கையில் கொடுத்து 'பார்த்துக்கோங்க' என்று சொன்ன கதை அது.

அணியின் மொத்த வரலாற்றையும் பார்த்தால் இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 2019 நவம்பர் முதல் 2023 கோடை வரைக்கும் கிரிகரி, கோய்ல், சாபா லாஸ்லோ, பண்டோவிச், பாஷா, தாமஸ் பிராடரிச், மறுபடி கோய்ல். நான்கு வருஷம்கூட ஆகவில்லை. ஒருவர் பந்தை வேகமாக முன்னால் அனுப்பச் சொல்வார். இன்னொருவர் பின்னால் அடைத்துக்கொண்டு நிற்கச் சொல்வார். ஒவ்வொருவரும் வரும்போது தனக்கு வேண்டிய வெளிநாட்டவரைக் கூட்டி வருவார்; போகும்போது அவர்களும் போவார்கள்.

இதை சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் நேரில் பார்த்திருக்கிறேன். டீமில் பழையவர்கள் ஒவ்வொருவராகப் போவார்கள். புதுசாக வந்தவர்கள் கெட்டிக்காரர்களாகவே இருப்பார்கள். முதல் மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடும், ஏனென்றால் பழைய ஆட்கள் எழுதி வைத்தது ஓடிக்கொண்டிருக்கும். சிக்கல் வருவது புதுவிதமான பிரச்சினை ஒன்று வரும்போது. 'இது ஏன் இப்படி இருக்கு?' என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. கேடி என்ற பெயரில் இரண்டு வாரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்த நேரத்தில் உதவாது.

கால்பந்தில் சீசனின் பின்பாதி அந்த மாதிரி. நவம்பரில் எதிரணிக்கு நம் ஆட்டம் தெரியாது. பிப்ரவரியில் தெரிந்துவிடும், வீடியோ பார்த்து வழி அடைத்திருப்பார்கள். இரண்டு பேருக்குக் காலில் அடி, ஒருவருக்கு மஞ்சள் அட்டைத் தடை. அப்போது பேசாமலே ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் ஆட்கள் தேவை: 'நான் மேலே போனால் இவன் என் இடத்துக்கு வருவான்' என்று தெரிந்தவர்கள். இது ஒரே சீசனில் வருவதில்லை. வருஷா வருஷம் புதிதாகச் சேர்க்கும் அணிக்கு இந்த இடத்தில்தான் கால் வழுக்கும். ஆகவே பிப்ரவரியில் நாம் பார்த்தது, முந்தைய கோடைகளில் போட்ட, போடாமல் விட்ட கையெழுத்துகளின் விளைவு.

லாஸ்லோ, பண்டோவிச், பிராடரிச் என்று மூன்று கோச் மாறினார்கள் அல்லவா? 2020-21, 2021-22, 2022-23 மூன்றிலும் அணி முடித்த இடம் ஒன்றே: 8, 8, 8. கோச் மாற, ஆட்டம் மாற, ஆட்கள் மாற, இடம் மட்டும் மாறவில்லை என்றால் கோளாறு டிரஸ்ஸிங் ரூமுக்கு வெளியே இருக்கிறது.

திட்டக்கூட இடமில்லாத சீசன்

இன்னொன்றையும் பதிந்து வைக்க வேண்டும். அந்த 2021-22 சீசனின் லீக் ஆட்டங்கள் முழுக்க கோவாவில், கொரோனா பாதுகாப்பு வளையத்துக்குள், ஆளில்லாத மைதானங்களில் நடந்தன. அதற்கு முந்தைய சீசனும் அப்படியே. அதாவது நம் அணியின் மிக மோசமான சரிவை நம்மில் ஒருவர்கூட நேரில் பார்க்கவில்லை.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். நேரு ஸ்டேடியத்தில் 0-3 என்று தோற்றால் கேலரி சும்மா இருக்காது. கூச்சல் போடும், பாதியில் எழுந்து போகும், இல்லை விசில் முடிந்த பிறகும் நின்று வீரர்களின் முகத்தைப் பார்க்கும். வீரர்களும் கிளப்பை நடத்துகிறவர்களும் அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டாக வேண்டும். 2022இல் அந்தச் சத்தம் போனில் டைப் செய்யப்பட்டு, போனிலேயே செத்தது. கேட்க ஆளில்லாத கோபம் கசப்பாக மாறும். கசந்தவர்கள் மைதானம் திறந்தபோது பழைய எண்ணிக்கையில் திரும்பி வரவில்லை என்பது என் கண் கணக்கு.

திருத்தணியிலிருந்து ஆட்டம் பார்க்கப் போவது என்றால் மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து நடை. போவது பிரச்சினையே இல்லை. இரவு ஏழரைக்கு ஆரம்பிக்கும் ஆட்டம் முடிவதற்குள் திரும்பும் ரயிலின் நேரம் மண்டைக்குள் ஓட ஆரம்பித்துவிடும். பாதி ஊர் தெலுங்கு பேசும், முழு ஊரும் கிரிக்கெட் பார்க்கும் இடத்திலிருந்து இத்தனை சிரமப்பட்டு ஒருவன் கால்பந்துக்குப் போகிறான் என்றால், பதினொரு பேரில் யாரோ ஒருவன் அவனுக்குச் சொந்தக்காரன் ஆகியிருக்க வேண்டும். என் அக்கா பையனுக்கு நீல ஜெர்ஸி வாங்கித் தருவதாகச் சொன்னேன். முதுகில் யார் பேர் போடலாம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பேர் வேணாம் மாமா, நம்பர் மட்டும் போதும். அடுத்த வருஷம் யாரு இருப்பாங்களோ" என்றான். பன்னிரண்டு வயசு. சாங்டே, தாபா இருவரும் போனதைப் பார்த்துவிட்டான்.

கிளப் தரப்பில் யாராவது இதைப் படித்தால், புள்ளிப் பட்டியலைவிட இந்த பதில்தான் அவர்களைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டும் என்பேன். தோற்கும் அணிக்கு ரசிகர்கள் உண்டு. 2018-19இல் 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்து கடைசி இடத்தில் கிடந்தபோதும் இருந்தார்கள். அடையாளம் தெரியாத அணிக்கு ரசிகன் எப்படி இருப்பான்?

திட்டும் மாதத்தை மாற்றுவோம்

2021-22 பழங்கதை என்று தள்ள முடியாது. 2023-24இல் கோய்ல் ஆறாவது இடம் பிடித்து பிளேஆஃப் வரை கொண்டுபோனார். 2024-25இல், நவம்பர் தொடக்கத்தில் ஜாம்ஷெட்பூருக்கே போய் 5-1 என்று வென்றது அணி. இந்த முறை விடாது என்று எல்லாரும் சொன்னார்கள். சீசன் முடிந்தபோது 24 ஆட்டத்தில் 27 புள்ளி, 13 அணிகளில் 11ஆவது இடம். மறுபடி அதே இரண்டு வாக்கியம் கிளம்பியது.

என் கணக்கு சொல்வது இவ்வளவுதான்: ரசிகர்களின் கோபம் நியாயமானது, ஆனால் மாதம் தப்பு. பிப்ரவரியில் பாதுகாப்பு வீரர் ஒருவர் வழுக்கி விழுந்ததற்கு அவருடைய குடும்பத்தையே இழுத்துத் திட்டுவதால் ஒன்றும் மாறாது. கேள்வி கேட்க வேண்டியது ஜூன், ஜூலையில், புது ஆட்களின் படத்தைப் போட்டு கிளப் ட்ரெய்லர் விடும்போது. அந்த நேரத்தில் நாம் நெருப்பு எமோஜி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கேட்க வேண்டியவை நான்கு. சென்ற சீசனில் அணி ஆடிய மொத்த நிமிடங்களில் எத்தனை சதவீதத்தை ஆடியவர்கள் இந்த வருஷமும் இருக்கிறார்கள்? இந்திய வீரர்களில் எத்தனை பேருக்கு இன்னும் 2 வருஷ ஒப்பந்தம் பாக்கி இருக்கிறது? சென்ற வருஷம் போனவர்களுக்குப் பதிலாக வந்தவர்கள் வயதில் இளையவர்களா மூத்தவர்களா? கோச் போனாலும் அணியின் ஆட்டம் இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல கிளப்பில் நிரந்தரமாக ஒரு ஆள் இருக்கிறாரா?

முதல் கேள்விக்கான பதிலை யாரையும் கேட்காமல் நாமே கணக்கிடலாம். ஆட்ட நிமிடங்கள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன, ஒரு எக்ஸெல் ஷீட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். 2014இல் இருந்து வருஷா வருஷம் போட்டுப் பார்க்கும் எண்ணம் இருக்கிறது. கூட உட்கார்ந்து டேட்டா சரிபார்க்க யாராவது தயார் என்றால் சொல்லுங்கள், ஆளுக்கு நாலு சீசனாகப் பிரித்துக்கொள்வோம்.